குலுங்காத பட்டாணி: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஐஸ் பட்டாணி, சோளன், கரட் கலந்த பைக்கற் வாங்கி, பிள்ளைகள் கொறிக்க மின் உலர்த்தியில் காயவைக்கப்போகிறேன். முதலில் அவிக்க வேண்டுமா? (பரந்தன்)

வேண்டாம். கொதிநீரில் போட்டெடுத்துத்தான் உறைய வைக்கிறார்கள். அப்படியே தட்டில் பரப்புங்கள்.

கேள்வி: ஒரு கிலோ பட்டாணி காயவைத்தேன், கால் கிலோகூடத் தேறவில்லை. நிறையில் ஏமாற்றிவிட்டார்களா? (மல்லாவி)

பட்டாணியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது போனால் 200 கிராம் சொச்சம்தான். கரட் இன்னும் குறையும். கடைக்காரரைத் திட்டியிருந்தால் போய்ச் சமாதானம் சொல்லுங்கள்.

கேள்வி: பைக்கற்றைத் திறந்தால் ஒரே கட்டி. காய்ந்தபின் புளித்த மணம். கடைக்காரரைக் கேட்டால், "ஐஸ் என்றால் அப்படித்தான் அக்கா" என்கிறார். (புதுக்குடியிருப்பு)

அப்படித்தான் இருக்காது, தங்கச்சி! ஒழுங்காகக் குளிரில் கிடந்த பட்டாணி பைக்குள் குறுணிக்கல் மாதிரிக் கலகலக்கும். உருகி மறுபடி உறைந்தால்தான் இப்படிக் கல்லாகும். மைனஸ் 18 பாகையில் இருக்கவேண்டிய சாமான் அது. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ஐஸ்பெட்டியை நிறுத்தி, விடியப் போடுகிற கடையை என் கண்ணால் கண்டிருக்கிறேன். உருகிய நேரத்தில் கிருமி பெருகும், மறுபடி உறைந்தாலும் சாகாது. அதை இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் புளிக்காமல் என்ன செய்யும்? காய்ந்ததைக் கொட்டிவிடுங்கள், பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம். பில் இருக்கிறதா? கேட்டால் தந்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள். எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள். இனிமேல் கடையில் நின்றே பைக்கற்றைக் குலுக்கிப் பாருங்கள்.

கேள்வி: முகநூல் விளம்பரத்தில் மலிவாக ஒரு உலர்த்தி. வாங்கலாமா? (ஒட்டுசுட்டான்)

நான் வாங்கினேன். படத்தில் ஐந்து தட்டு, பளபளப்பு. உள்ளே காற்றாடி இல்லை, சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகும் இல்லை. கீழ்த்தட்டுச் சோளன் கருகியது, மேல்தட்டு அவிந்தது. இப்போது அந்தத் தட்டுகளில் முற்றத்து வெயிலில் மோர்மிளகாய் காய்கிறது. காற்றாடி இருக்கவேண்டும், 55 பாகையளவில் நிறுத்த முடியவேண்டும். 400 வாட்ஸ் பெட்டி எட்டு மணித்தியாலம் ஓடினால் மூன்று யூனிற்றுக்கு மேல் போகும், அதையும் கணக்கில் சேருங்கள். காய்ந்ததைப் போத்தலில் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். கண்ணாடியில் ஈரம் தெரிந்தால் இன்னொரு முறை காயவேண்டும்.

கேள்வி: உலர்த்திப் பெட்டி பழுது. பில் இல்லை, வாரண்டி அட்டையும் தொலைந்துவிட்டது, எந்தக் கடையென்றும் நினைவில்லை. (மாங்குளம்)

நானென்ன சாத்திரக்காரியா?

கேள்வி: ஒடியல் காய்கிற முற்றத்தில் பட்டாணி காயாதா, அக்கா? (நெடுங்கேணி)

சோளகக் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, அடிக்கிற நாளில், வலை மூடி, மெல்லிசாகப் பரப்பினால் முயன்று பார்க்கலாம். அன்றைக்கே காயாவிட்டால் புளிக்கத் தொடங்கும். ஆனால் நீங்கள் கடிதம் எழுதியிருப்பது கார்த்திகையில்.