பழைய ஜெர்மன் கார்களின் அசல் ஸ்டீல் ரிம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜெர்மனியில் பழைய கார்ப் பட்டறை ஒன்றில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். அசல் இரும்பு ரிம் பற்றிப் பலர் கேட்டு அனுப்பியவற்றை ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன்.

அண்ணா, 1966-இல் தயாரான ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று வாங்கினேன். நான்கு ரிம்மிலும் சுற்றி நீள ஓட்டைகள் இருக்கின்றன. ஸ்டெப்னியில் மட்டும் இல்லை. எது அசல்?

ஓட்டை உள்ளவைதான் அசல் தம்பி. 1965 ஆகஸ்டில், 1966 மாடலோடு அந்தக் காற்றோட்டத் துளைகள் வந்தன. ஸ்டெப்னி அதற்கு முந்தைய வண்டி ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. அதைத் தூக்கி எறியாதீர்கள். முந்தைய வருட வண்டி வைத்திருக்கும் யாராவது அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பீட்டில் ரிம் வாங்க நினைப்பவர்கள் இன்னும் இரண்டு மாற்றங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 1952 அக்டோபர் வரை 16 அங்குலம், அதன் பிறகு 15. அடுத்தது போல்ட் வட்டம், அதாவது போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம். இதைத்தான் பிசிடி என்பார்கள். முதலில் 205 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட். 1966 ஆகஸ்டில் முன்பக்கம் டிஸ்க் பிரேக்கோடு வந்த 1500-இல் 130 வட்டத்தில் நான்கு போல்ட். பிறகு அதுவே மற்ற பீட்டில்களுக்கும் பரவியது. ஐந்து ஓட்டை ரிம்மை நான்கு போல்ட் டிரம்மில் எந்த வழியிலும் மாட்ட முடியாது. படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பிவிட்டு அழுதவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

விற்பவர் "போர்ஷ 356 அசல் ரிம்" என்று சொல்லி பீட்டில் ரிம்மை விட நாலு மடங்கு விலை கேட்கிறார். இரண்டுக்கும் ஒரே பிசிடி தானே?

ஒரே பிசிடிதான், 5 × 205. அதனால்தான் இந்தக் குழப்பமும் ஏமாற்றும். அகலத்தைப் பாருங்கள். 15 அங்குல பீட்டில் ரிம் 4 அங்குல அகலம். 356 ஏ வந்தபோது போர்ஷ 4½ அங்குல அகலத்துக்குப் போனது. டேப்பை விளிம்பின் வெளிப்பக்கத்தில் வைத்து அளக்காதீர்கள். டயர் உட்காரும் இரண்டு விளிம்புச் சுவர்களுக்கும் இடையே, உள்பக்கமாக அளக்க வேண்டும். அந்த அரை அங்குலம்தான் நீங்கள் கொடுக்கப்போகும் பணம்.

உங்கள் வண்டி 356 சி என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். நான்கு பக்கமும் டிஸ்க் பிரேக் வந்ததால் அது 5 × 130. 911-க்கும் அதே வட்டம்தான்.

ரிம்மில் குத்தியிருக்கும் எழுத்துகளை எப்படிப் படிப்பது?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அசல் ரிம் என்பது வெறும் வட்டமான இரும்பு இல்லை. அது எங்கே, எப்போது, எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டது என்பது அதன் மேலேயே எழுதியிருக்கிறது.

போன குளிர்காலத்தில் ஒரு மெர்சிடிஸ் ரிம் கைக்கு வந்தது. கறுப்புப் பெயிண்ட் நாலு பூச்சு, அதன் மேல் தார். பெயிண்ட் கரைப்பான் தடவி, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்து இரும்பின் மேல் இழுத்தேன். மேடான இடமெல்லாம் வெள்ளையாக, குழியான எழுத்துகள் மட்டும் கறுப்பாக நின்றன: 5½ ஜே × 14 ஹெச்2, ஈடி 30. இந்தச் சாக்பீஸ் வேலை சந்தையில் வைத்தும் செய்யலாம். விற்பவர் கோபப்பட மாட்டார்.

இப்போது படிப்போம். 5½ என்பது அங்குலத்தில் அகலம். ஜே என்பது விளிம்பின் வடிவம். 14 விட்டம். ஹெச்2 என்பதைக் கீழே டயர் கேள்வியில் சொல்கிறேன். ஈடி 30 என்றால், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (வண்டியில் ரிம்மை மாட்டும் நடுப்பகுதி) பதியும் முகம் 30 மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்று பொருள். இது தவறினால் டயர் மட்கார்டில் உரசும், அல்லது பேரிங்குக்குத் தேவையில்லாத பாரம் ஏறும்.

பாகத்தின் எண்ணும் பேசும். மெர்சிடிஸில் முதல் மூன்று இலக்கம் அந்தப் பாகம் எந்த வரிசை வண்டிக்காக வந்தது என்று சொல்லும், அடுத்த 400 சக்கரத் தொகுதி. ஃபோக்ஸ்வேகனில் நடுவில் 601 இருக்கும். போர்ஷவில் 361. செய்தவரின் முத்திரையும் பெரும்பாலும் இருக்கும்: சோலிங்கனைச் சேர்ந்த குரோன்பிரின்ட்ஸின் கேபிஇசட், அல்லது ரைன் ஆற்றங்கரை கோனிக்ஸ்விண்டரைச் சேர்ந்த லெம்மெர்ட்ஸ். பல ரிம்களில் மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள். வண்டி தயாரான தேதிக்குச் சில மாதம் முன்னால் அந்தத் தேதி இருந்தால் பொருத்தம் சரி. வண்டிக்குப் பிந்தைய தேதி என்றால், ரிம் பிறகு மாற்றப்பட்டிருக்கிறது.

சார், என் மெர்சிடிஸ் டபிள்யூ123-இல் அலாய் இருந்தது. கழற்றிவிட்டு அசல் ஸ்டீல் ரிம் போட்டேன். பழைய போல்ட்டையே முறுக்கினேன். வேகமாகப் போனால் ஸ்டியரிங் நடுங்குகிறது.

வண்டியை இன்றே நிறுத்துங்கள் சார். பேலன்சிங் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் போல்ட்.

மெர்சிடிஸ் ரிம்மில் போல்ட் உட்காரும் குழி பந்து வடிவம், 12 மில்லிமீட்டர் ஆரம். வெளிக்கம்பெனி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம், 60 பாகை. மரை இரண்டுக்கும் ஒன்றுதான், எம்12 × 1.5. அதனால் கூம்பு போல்ட் சிரமமில்லாமல் உள்ளே போகும், இறுகவும் செய்யும். ஆனால் பந்துக் குழியில் அது நூல் அளவு கோட்டில்தான் தொடும். ஓடும்போது அந்தக் கோடு நசுங்கும், இறுக்கம் போகும். அலாய் போல்ட் நீளமாகவும் இருக்கலாம். அப்படியென்றால் ஹப்பின் பின்னால் நீட்டிக்கொண்டு உள்ளே எதையாவது உரசும்.

சோதிப்பது சுலபம். போல்ட் தலையின் அடிப்பக்கம் மார்க்கர் பேனாவால் கறுப்பு அடித்து, கையால் இறுக்கிக் கழற்றுங்கள். சரியான போல்ட் என்றால் மை அகலமான பட்டையாக அழிந்திருக்கும். தவறானது என்றால் மெல்லிய ஒரு வளையம் மட்டும். கழற்றியதும் குழியின் உள்ளேயும் பாருங்கள். கூம்பு போல்ட் வெட்டிய தடம் விரலில் தட்டுப்பட்டால் அந்த ரிம்மை ஒதுக்கிவிடுங்கள்.

"பந்து வடிவம்தானே, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் கார் போல்ட் போடலாமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அது 13 மில்லிமீட்டர் ஆரம். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள்.

பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயர் போடலாமா?

ரிம்மில் ஹெச் அல்லது ஹெச்2 இருந்தால் போடலாம். டயரின் காலடி உட்காரும் இடத்துக்குச் சற்று உள்ளே, ஒரு சின்ன மேடு வட்டமாக ஓடும். ஹெச் என்றால் வெளிப்பக்கம் மட்டும், ஹெச்2 என்றால் இரண்டு பக்கமும். வளைவில் திரும்பும்போது டயர் ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் வழுக்கி விழாமல் அதுதான் பிடித்துக்கொள்கிறது. மேடு இல்லாத ரிம்மில் காற்று கொஞ்சம் குறைந்து, வளைவும் கூர்மையாக இருந்தால், டயர் நழுவி ஒரு நொடியில் மொத்தக் காற்றும் போய்விடும். 1950-களின் ரிம் என்றால் டியூப் போடுங்கள், ரேடியல் டயருக்கென்று வரும் டியூபாகவே பார்த்து வாங்குங்கள்.

பவுடர் கோட்டிங் நல்லதா, ஸ்பிரே பெயிண்ட் நல்லதா?

பவுடர் உறுதியானது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதில் சூடு பட்ட அனுபவம் உண்டு. ஒரு செட் ரிம்மைக் கோட்டிங்குக்கு அனுப்பினேன், பளபளவென்று வந்தது. முந்நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த வண்டியில் போல்ட்டை ஸ்பானரில் தொட்டால் கால் சுற்று லேசாகத் திரும்புகிறது. போல்ட் குழியிலும் ஹப் முகத்திலும் தடிமனாகப் பவுடர் ஏறியிருந்தது. அது அழுந்தியதும் இறுக்கம் போய்விட்டது. அனுப்பும்போதே இந்த இரண்டு இடத்தையும் மறைக்கச் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. இன்னொரு கவலை: தடித்த பவுடர் அந்தக் குத்திய எழுத்துகளை மூடிவிடும். நான் இப்போது மெல்லிய பிரைமரும் பெயிண்டும்தான் அடிக்கிறேன்.

பெயிண்டுக்கு முன்னால் விரிசல் பாருங்கள். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி, காற்றுத் துளைகளின் மூலைகளில், ரிம்மின் நடுத் தட்டும் வெளி வளையமும் சேரும் வெல்டிங்கில். மயிரிழைதானே என்று வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது. கோணலை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றியும் பாருங்கள். கோணல் 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் என் மனம் ஒப்பாது.

ரிம்மை வெட்டி அகலப்படுத்தித் தரும் பட்டறை இருக்கிறதா?

இருக்கலாம். நான் அனுப்ப மாட்டேன். ஜெர்மனியில் ட்யூஃப் என்னும் வாகனத் தகுதிச் சோதனைக்கும் அது தனித் தலைவலி.

ஜெர்மனியில் பழைய கார்களுக்குத் தரும் ஹெச் எண் பலகைக்கு அசல் ரிம் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. 30 வயது நிறைந்த வண்டிகளுக்கு 1997 முதல் அந்தப் பலகை தருகிறார்கள். அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்த அலாயையும் ஏற்றுக்கொள்வார்கள். அசல் ஸ்டீல் என்றால் விளக்கம் சொல்லும் வேலையே இல்லை.

பீட்டில் ஹப் கேப்பை எடுக்க ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன், பெயிண்டும் போச்சு, கேப்பும் நெளிந்தது. என்ன செய்ய?

வண்டியோடு வந்த கருவிப் பையில் வளைந்த ஒரு கம்பிக் கொக்கி இருக்கும். பலர் அது என்னவென்றே தெரியாமல் போட்டுவிடுகிறார்கள். கேப்பின் விளிம்பில் இரண்டு சின்ன ஓட்டைகள் உண்டு. கொக்கியை அதில் மாட்டி, நேராக உங்கள் பக்கம் இழுங்கள். கேப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் ரிம்மில் ரிவெட் அடித்தவை, நெம்பினால் அவையும் தளரும். உங்கள் கேப் நெளிந்தது லேசாகத்தான் என்றால், துணி விரித்து உள்பக்கமாக மரச் சுத்தியால் தட்டி எடுத்துவிடலாம். கொக்கி இல்லாதவர்கள் 3 மில்லிமீட்டர் கம்பியை வளைத்துச் செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.