அப்பாவின் பக்கம் நின்றால் அந்தப் போரின் பக்கம் நின்றதாக ஆகுமா?

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1987-ல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். தொடையில் குண்டுச் சிதறலோடு திரும்பி வந்தார். அங்கே நடந்ததைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரே ஒரு முறை மட்டும், "செக்போஸ்ட்ல ஆபீசர் இந்தியில கேக்குறதை நான் தமிழ்ல கேக்கணும், அவங்க அழுதுக்கிட்டே சொல்றதை நான் இந்தியில சொல்லணும்" என்றார். போன மாதம் என் கணவர் வீட்டு விசேஷத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர், "நம்ம சனத்தைச் சுட்டுட்டு வந்தவர்தானே" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். சென்னையில் படிக்கும் என் மகளுக்கு விடுதியில் நெருங்கிய தோழி ஓர் ஈழத்து அகதிக் குடும்பத்துப் பெண். ஆகஸ்ட் 15 அன்று ஊர்ப் பள்ளியில் அப்பாவுக்குப் பாராட்டு வைத்திருக்கிறார்கள். "நான் வரமாட்டேன்" என்கிறாள் மகள். ராணுவத்தை அங்கே அனுப்பியதே தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் என் அப்பா. நான் அவர் பக்கம் நின்றால் அந்தப் போரை ஆதரித்ததாக ஆகிவிடாதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: ஆகாது, சகோதரி. போரை எதிர்க்கிற உரிமையும் அப்பாவோடு நிற்கிற உரிமையும் உங்களுக்கு ஒரே நேரத்தில் உண்டு. ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கச் சொல்கிறவர்கள் உறவினராக இருந்தாலும் சரி, மேடையில் பேசுகிறவராக இருந்தாலும் சரி, அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். ஆனால் இப்படி ஒரு வரியில் முடித்துக்கொண்டால் உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அவள் கேட்பது நியாயமான கேள்வி.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாளே நம் ராணுவம் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கத் தொடங்கியது. சொல்லி அனுப்பிய வேலை, சண்டையை நிறுத்துவதும் போராளி இயக்கங்களின் ஆயுதங்களை வாங்கி வைப்பதும்தான். யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26 அன்று விடுதலைப் புலிகள் இயக்கத்தின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில், கைதாகியிருந்த புலிகள் 12 பேர் சயனைடு விழுங்கி இறந்தார்கள். அக்டோபர் 10-ல் புலிகளுக்கும் நம் ராணுவத்துக்கும் போர் தொடங்கிவிட்டது. மாலை வாங்கிய சிப்பாய்க்கு, அதே தெருவில் துப்பாக்கியோடு நுழையும்படி உத்தரவு வர இரண்டரை மாதம்கூட ஆகவில்லை.

இந்த முடிவில் உங்கள் அப்பாவுக்கு என்ன பங்கு? எதுவும் இல்லை. அவருடைய கம்பெனி கமாண்டருக்கும் இல்லை. அந்தப் படைக்கு முதலில் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங்கே, டெல்லி எடுத்த முடிவுகளைப் பின்னாளில் கடுமையாக விமர்சித்து எழுதினார். ஜெனரலின் பேச்சே எடுபடாத இடத்தில் சிப்பாய் என்ன சொல்லியிருக்க முடியும்? அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபான்ட்ரி பிளாட்டூனில் 30 பேர். விடிந்து பகல் ஏறுவதற்குள் 29 பேர் இறந்து, ஒருவர் பிடிபட்டார். அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் இறந்து, நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர். மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில் ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். இவர்களை அனுப்பியவர்களில் யாரும் அந்த மைதானத்தில் இறங்கவில்லை.

சரி, இதைச் சொல்லி மகளை விழாவுக்குக் கூட்டி வந்துவிடலாமா? வேண்டாம். அவளுடைய தோழியின் வீட்டில் வேறு தேதிகளை நினைவு வைத்திருப்பார்கள்.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியச் சிப்பாய்கள் நுழைந்தார்கள். அன்றும் மறுநாளும் 60-க்கும் மேற்பட்ட நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். மருத்துவர்களும் நர்ஸுகளும் அதில் உண்டு. ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் ஆஸ்பத்திரி ஊழியர்கள் அவர்களுடைய படங்களுக்கு முன்னால் விளக்கேற்றுகிறார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. "போர் என்றால் இப்படித்தான்" என்று இதையெல்லாம் ஒதுக்கிவிட முடியாது. "உத்தரவு, செய்தார்கள்" என்றும் சொல்ல முடியாது. நம் ராணுவச் சட்டமே, சட்டப்படியான உத்தரவை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. கட்டிலில் கிடக்கும் நோயாளியைச் சுடச் சொல்வது எந்தச் சட்டப்படியும் உத்தரவு ஆகாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் நடந்ததற்காக யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. செய்தவர்கள் யார் என்று வெளிப்படையாக விசாரித்து ஊருக்குச் சொல்லியிருந்தால், அந்தப் பழி செய்தவர்களோடு நின்றிருக்கும். விசாரிக்காமல் விட்டதால் அது எல்லோர் மேலும் விழுந்தது. அந்தப் படையின் பலம் ஒரு கட்டத்தில் 80,000-த்தைத் தொட்டது. இத்தனை பேரில் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து ஒரு பந்தியில் உங்கள் அப்பாவைப் பார்த்து ஒருவரால் அப்படிச் சொல்ல முடிகிறது. விசாரணை கேட்டால் ராணுவத்துக்கு எதிரி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. நேர்மையாக நடந்துகொண்ட சிப்பாய்க்கு அரசு கொடுத்திருக்க வேண்டிய முதல் பாதுகாப்பே அந்த விசாரணைதான். இந்த வரியை மகளிடம் சொல்லுங்கள். தாத்தாவும் தோழியின் குடும்பமும் எதிரெதிராக நிற்கிற மாதிரி அவளுக்கு இப்போது தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் நஷ்டம் செய்தது ஒரே மௌனம்தான்.

1990 மார்ச் கடைசியில் கடைசிப் படைகள் மெட்ராஸ் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவருடைய நிலை. அன்று தமிழ்நாட்டில் பலருக்கும் அதுவே சரியாகப் பட்டது, உங்கள் கணவர் வீட்டாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் செத்தவர்களுக்காக அன்று டெல்லியில் அழ ஆள் இல்லை, இங்கேதான் இருந்தார்கள். ஆனாலும் அந்தப் புறக்கணிப்பு தவறு என்றே நான் நினைக்கிறேன். டெல்லியின் கொள்கையோடு சண்டை போடச் சட்டமன்றம் இருந்தது, நாடாளுமன்றம் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கி வந்தவன் கொள்கை வகுத்தவன் இல்லை. அவர்களில் காலை இழந்தவனும் இருந்தான், தன்னோடு வந்தவனை அங்கேயே எரித்துவிட்டு வந்தவனும் இருந்தான். அதே வருஷம் அதே கடலைத் தாண்டி அகதிகளும் படகுகளில் வந்து மண்டபம் முகாமை நிறைத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இந்த மாநிலம் கடன்பட்டிருந்தது. அகதிகளுக்காக இரங்கியவர்கள் சிப்பாய்க்கு முகம் கொடுக்கவில்லை. சிப்பாய்க்காகப் பேசியவர்கள் அகதி முகாம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் இப்போது நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

அமெரிக்காவில் வியட்நாம் போருக்குப் பிறகு இதே சிக்கல் வந்தது. திரும்பி வந்த வீரர்களிலேயே பலர் அந்தப் போரை எதிர்த்தார்கள். 1971 ஏப்ரலில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தங்கள் பதக்கங்களை வீசி எறிந்தார்கள். முன்னாள் வீரர்களே நிதி திரட்டி 1982-ல் நினைவுச்சுவர் கட்டியபோது, போர் சரியா தவறா என்று அதில் எதுவும் சொல்லக் கூடாது, பெயர்கள் மட்டும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சுவரில் ஒரு வியட்நாமியப் பெயரும் இல்லை. தன் வீரர்களை நினைக்கக் கற்றுக்கொண்ட நாடு, அவர்கள் போன இடத்தில் செத்தவர்களைத் தன் சுவரில் எழுதவில்லை. நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் அமைதிப்படை வீரர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியிலும் அந்தப் படங்கள் இருக்கின்றன. மகளிடம் பேசும்போது இரண்டையும் சேர்த்தே பேசுங்கள்.

அவளை விழாவுக்கு வற்புறுத்தாதீர்கள். அப்புறம், தோழியை வீட்டுக்கு அழைத்து வந்து தாத்தாவைச் சந்திக்க வைக்கலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு உங்கள் குடும்பத்தை மன்னிக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. தோழி கேட்டால் மகள் உண்மையைச் சொல்லட்டும்: தாத்தா அங்கே போனார், என்ன பார்த்தார் என்று எங்களிடம் சொன்னதில்லை.

பள்ளித் தலைமையாசிரியரிடம் மட்டும் முன்கூட்டியே பேசுங்கள். "இலங்கையில் எதிரிகளை ஒழித்த மாவீரர்" என்று யாராவது மைக்கில் முழங்கினால் அவமானப்படப் போவது உங்கள் அப்பாதான். இத்தனை வருஷம் ராணுவத்தில் பணி செய்தார், காயம் பட்டார் என்று சொன்னால் போதும். அதற்கும் முன்னால் அப்பாவிடமே கேளுங்கள், இந்தப் பாராட்டு அவருக்கு வேண்டுமா என்று. சிலர் ஊர் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள், உள்ளுக்குள் அந்த நாளை நினைத்தே தூக்கம் இல்லாமல் இருப்பார்கள்.

அவரைப் பேச வைப்பது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "அங்கே யாரையாவது சுட்டீர்களா?" என்று ஒருபோதும் ஆரம்பிக்காதீர்கள். அவர் ஒரு கதவை ஏற்கனவே திறந்து காட்டியிருக்கிறார், அந்த செக்போஸ்ட். அங்கிருந்தே கேளுங்கள். அது எந்த ஊர்? கூட யார் இருந்தார்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? அழுதவர்கள் என்ன சொன்னார்கள்? இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்க வைக்கப்பட்டவர் அவர். இந்தி மட்டுமே தெரிந்த சிப்பாய்க்குச் சத்தமாக மட்டும் கேட்ட அழுகை, இவருக்கு வார்த்தை வார்த்தையாகப் புரிந்திருக்கும். அது எவ்வளவு பாரம் என்று யாரும் இதுவரை அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். தனியாக இருக்கும்போது கேளுங்கள், போனில் பதிவு செய்யாதீர்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் ஆகட்டும். ஏதாவது கடுமையானது வெளியே வந்தால், "பரவாயில்லைப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று உடனே மூடிவிடாதீர்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அவர் செய்தது தவறு என்று அவரே சொன்னால், அதைத் தவறு என்று சொல்ல அவருக்கு இடம் கொடுங்கள். நீங்கள் எல்லாவற்றுக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் மறுபடியும் தனியாகிவிடுவார்.

பந்தியில் பேசிய உறவினருக்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் கணவர். அவர் சொல்லாவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: "அந்தப் போர் தப்புன்னு நானும்தான் சொல்றேன். அதை எங்க அப்பா இலையில உக்காந்திருக்கும்போது வந்து சொல்லாதீங்க."

இன்னொன்று, இதுவும் ஆதரவில் சேர்ந்ததுதான். தொடையில் சிதறல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காயத்துக்கான ஓய்வூதியம் அவருக்குச் சரியாக வருகிறதா? அந்தக் காலத்துச் சிப்பாய்கள் பலர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டவர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். ராத்திரியில் அலறி எழுகிறார், காரணமில்லாமல் கோபப்படுகிறார், குடிக்கிறார் என்றால் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவரிடம் பரிந்துரை வாங்கலாம். வயதாகிவிட்டது, இனி என்ன என்று விட வேண்டாம். போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய உத்தரவு, பழைய மெடிக்கல் போர்டு காகிதம் மூன்றையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். காகிதம் தொலைந்திருந்தால் ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம், கடிதத்தில் அவருடைய ராணுவ எண்ணைக் குறிப்பிட மறக்காதீர்கள்.