இரைச்சலுக்குள் மெட்டு

கேள்வி: பங்க் இசை வெறும் இரைச்சல்தானே? அதை இசைத்தட்டில் தேடி வாங்குகிறவர்களுக்கு அப்படி என்ன கிடைக்கிறது?

பதில்: இரைச்சல்தான். அதற்குள் நாள் முழுக்க முணுமுணுக்க வைக்கும் மெட்டும் சேர்ந்துவிட்டால், அது ‘பவர் பாப்’ என்ற இசை வகை. அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ‘எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ்’ குழு 2003இல் வெளியிட்ட ‘கிட்டார் ரொமான்டிக்’ ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கிட்டார் கரகரக்கிறது, குரல் சற்றுத் தள்ளி நின்று பாடுவதுபோல் வருகிறது. அடுத்த கணமே பல்லவி நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இசைத்தட்டுக்கு இந்த நீளம் வெகு வாகானது. ஒரு பக்கத்தில் நிறைய நேரத்தைத் திணித்தால் தட்டில் ஊசி ஓடும் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி மெலியும். கால் மணி நேரமென்றால் தாராளமாக வெட்டலாம், டிரம்ஸ் நெஞ்சில் அறையும்.

ஆல்பம் வந்த அதே ஆண்டு ஜூலையில், கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் வேன் விபத்துக்குள்ளாகி, குழுவின் நால்வரில் மூவர் இறந்துபோனார்கள். எல்லோரும் இளைஞர்கள். அனுதாபத்தால் வந்த புகழ் என்று சொல்பவர்களை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அந்தத் துயரம் தெரியாதவரும் முதல் பாட்டிலேயே எழுந்து உட்காருவார். தட்டு கிடைத்தால் கொஞ்சம் உரக்கவே வையுங்கள்.