குஷன் கடை அண்ணனுக்கு, மகளின் பேட்டன்ட் ஆசை பற்றி

அண்ணே, வணக்கம்.

புதுக் கண்டுபிடிப்புக்கு உரிமை கொடுக்கலாமா என்று ஆராய்கிற பேட்டன்ட் பரிசோதகராக மகள் ஆசைப்படுகிறாள், கொழும்பில் ஒரு நிறுவனத்தின் டிப்ளோமாவில் சேர்க்கலாமா என்று போன கிழமை நீங்கள் போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். கடையில் ஆள் நின்றது, பின்னால் தையல் மெசினும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கொழும்பில் அந்த நிறுவனம் கேட்கிற இரண்டரை இலட்சத்தை இப்போது கட்ட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாத 'பேட்டன்ட் டிப்ளோமா' மோசடி என்று நான் சொல்லவில்லை. பட்டம் முடித்துவிட்டு வேலையில் இருக்கிற ஒருவருக்கு அது பயன்படலாம். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு அது அத்திவாரம் இல்லாமல் கூரை போடுகிற வேலை. புலமைச் சொத்து (கண்டுபிடிப்பு, எழுத்து, வர்த்தகக் குறி போன்றவற்றின் உரிமை) என்றால் என்ன என்று அடிப்படையிலிருந்து அறிய வேண்டுமானால், உலகப் புலமைச் சொத்து அமைப்பின் கல்விப் பிரிவு டிஎல்-101 என்ற இணையவழிப் பாடத்தை இலவசமாகவே நடத்துகிறது. மகள் இந்த விடுமுறையிலேயே அதில் சேரலாம். காசு மிச்சம்.

இனி உங்கள் மச்சான் சொன்னது. "அது சட்டத்தரணி வேலை, நம்ம புள்ளைக்கு எதுக்கு?" என்றாராம். பாதி சரி. பேட்டன்டை, அதாவது ஆக்கவுரிமையை வைத்து நீதிமன்றத்தில் சண்டை போடுவது சட்டத்தரணி. ஆனால் அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று ஆராய்கிற பரிசோதகர் பெரும்பாலும் விஞ்ஞானமோ பொறியியலோ படித்தவர். சட்டத்தை அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகு பயிற்சியில் கற்றுக்கொள்கிறார். இரசாயனத்தை அப்படி வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொடுக்க முடியாது. மகள் எதை முதலில் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன், அதுதான் உங்களுக்கும் எனக்கும் சுகம்.

ஜப்பான் ரீகண்டிஷன் வேன் ஒன்றின் சீட்டைக் கழற்றி ரெக்சினை உரிக்கிறீர்கள். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரே வார்ப்பாக நுரை. அது பொலியூரிதேன். பொலியோல் என்ற திரவம் ஒரு பக்கமும் ஐசோசயனேட் என்ற திரவம் ஒரு பக்கமுமாக வந்து அச்சுக்குள் கலக்கும்போது, கலவையில் இருக்கிற கொஞ்சத் தண்ணீர் ஐசோசயனேட்டோடு தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வாயுவை விடுகிறது. அந்த வாயுதான் அதை உப்ப வைக்கிறது, அப்பச்சோடா போட்ட மா உப்புகிற மாதிரி. பம்பருக்குள் இருக்கிற வெள்ளை அல்லது கறுப்புக் கட்டை வேறு சாதி. பார்க்க ரெஜிபோம் மாதிரி இருக்கும், ஆனால் அழுத்தினால் திரும்பி வரும். அது பொலிபுரோப்பிலீன் மணிகளை அச்சில் நிரப்பி நீராவியால் ஒட்ட வைத்தது. கதவின் உட்பலகை, டாஷ்போட் மாதிரிப் பாகங்களில் இன்னொரு முறை. உருகிய பிளாஸ்டிக்கில் நைதரசனை உயர் அழுத்தத்தில் கரைத்து அச்சுக்குள் செலுத்துவார்கள். அழுத்தம் விழும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் பிறக்கும். 1980களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாம் சூவின் குழு தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது அது. எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: பாரம் குறைய வேண்டும், பலம் குறையக் கூடாது.

நீங்கள் தொழில் பழகின காலத்தில் தும்பும் ஸ்பிரிங்கும் வைத்துத்தான் சீட் கட்டினீர்கள் என்று ஒருமுறை சொன்னீர்கள். நுரை மெத்தையின் தொடக்கமும் நம் ஊர்ப் பொருள்தான். 1929இல் இங்கிலாந்தில் டன்லொப் ஆய்வுக்கூடத்தில் இறப்பர் பாலை அடித்து நுரைக்க வைத்ததிலிருந்துதான் அது வந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது ஒரு கம்பனி விண்ணப்பம் போடுகிறது என்று வையுங்கள். அதன் உயிர், எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்கிற 'உரிமைக்கோரிக்கை' என்ற பகுதியில் இருக்கும். ஒரு கற்பனை உதாரணம்: "வாகனக் கதவுக்கான உட்பலகை. அதன் மேல்தோல் நுரையற்றது. உள்ளே நுரை. நுரைக் குமிழியின் சராசரி விட்டம் 50 முதல் 100 மைக்ரோமீற்றர்." இது சில வரிதான் (ஒரு மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பரிசோதகர் இதைத் துண்டு துண்டாக வெட்டுவார், நீங்கள் பழைய சீட் கவரைத் தையல் பிரித்து ஒவ்வொரு துண்டையும் கடதாசியில் வைத்து வரைகிற மாதிரி. தோல் ஒரு துண்டு, நுரை ஒரு துண்டு, குமிழி அளவு ஒரு துண்டு. பிறகு உலகத்தில் இதற்கு முன் வெளிவந்த எதிலாவது இந்தத் துண்டுகள் எல்லாம் சேர்ந்து இருக்கிறதா என்று தேடுவார்.

ஒரு பழைய ஜப்பானிய ஆவணத்தில் இதே தோல், இதே நுரை, குமிழி 80 மைக்ரோமீற்றர் என்று ஒரே ஒரு சோதனை எழுதப்பட்டிருந்தால் போதும். 50க்கும் 100க்கும் இடையில் 80 விழுந்துவிட்டது, அந்தக் கோரிக்கையில் புதுமை போய்விட்டது. அந்தப் பழைய ஆவணத்தில் 150 என்று இருந்தால்? அப்போது புதுமை தப்பும். அடுத்த கேள்வி எழும்: இந்தத் துறையில் கைதேர்ந்த ஒருவருக்கு 150ஐ 80 ஆக்குவது தானாகவே தோன்றக்கூடியதா? அதற்கு வேறொரு ஆவணம் வழி காட்டியிருக்கிறதா? விண்ணப்பதாரர் சோதனைத் தரவு காட்டி, 'இந்த அளவுக்குள் வந்தால்தான் குளிரில் விரிசல் விழுவதில்லை, அளவைத் தாண்டினால் விழுகிறது' என்று நிறுவினால் பரிசோதகர் மனம் மாறலாம். மறுத்து எழுதுவதும், அவர்கள் பதில் போடுவதும், கோரிக்கையைச் சுருக்குவதும், திரும்ப வாசிப்பதுமாக மாதக்கணக்கில் போகும்.

இன்னொரு நுணுக்கம், இது மகளுக்கு. கோரிக்கையில் 'வாகன இருக்கைக்கான நுரைமெத்தை' என்று இருப்பதால் வாகன ஆவணங்களை மட்டும் தேடினால் போதும் என்று நினைக்கக் கூடாது. பல நாடுகளின் நடைமுறையில் 'இருக்கைக்கான' என்பது 'இருக்கைக்கு ஏற்ற' என்றுதான் பொருள்படும். அப்படியே தூக்கி வேனில் வைக்கக்கூடிய ஒரு சோபா குஷனைப் பற்றிய பழைய ஆவணமும் குறுக்கே வரலாம்.

தேடுவதற்குச் சர்வதேச வகைப்பாட்டு எண்கள் உண்டு. நூலகத்தில் புத்தக அலுமாரிக்கு எண் போடுகிற மாதிரி. நுரைக்க வைத்து வார்க்கும் முறை பி29சி 44இல் இருக்கும், நுரைத்த பல்பகுதியப் பொருள் (பிளாஸ்டிக், இறப்பர் போன்றவை) சி08ஜே 9இல், வாகன உட்புற அலங்காரப் பாகங்கள் பி60ஆர் 13இல். மகள் இன்றிரவே எஸ்பாசெனெட் என்ற ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகத்தின் இலவசத் தளத்தில் இந்த எண்களைப் போட்டுப் பார்க்கட்டும். ஆயிரக்கணக்கில் கொட்டும். பயப்பட வேண்டாம். கிழமைக்கு ஒன்று, முழுதாக, அகராதி வைத்துக்கொண்டு வாசித்தால் போதும். 10 வாசித்த பிறகும் ஆசை இருந்தால் இந்த ஆசை உண்மையானது. மூன்றிலேயே கொட்டாவி வந்தால் அதுவும் நல்லதுதான், காசு கட்டாமலே தெரிந்துகொண்டோம்.

என் அனுபவத்தில் நம் மலையகப் பிள்ளைகளைத் தடுக்கிறது இரசாயனம் அல்ல, ஆங்கிலம். பேசுகிற ஆங்கிலம் அல்ல, வாசிக்கிற ஆங்கிலம். பேட்டன்டில் ஒரு வாக்கியம் அரைப்பக்கம் ஓடும். தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமோ பொறியியலோ படிக்கும்போது எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறும். முதல் வருடம் தடுமாறாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. டிப்ளோமாவுக்கு வைத்திருந்த காசில் ஒரு சின்னப் பங்கை எடுத்து ஹட்டனிலேயே ஒரு நல்ல ஆங்கில ஆசிரியரிடம் ஆறு மாதம் அனுப்புங்கள். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் மொழி படிக்கிறேன் என்றாளாமே. நல்ல புத்தி. இந்தத் துறையில் ஜப்பானியக் கம்பனிகளின் ஆவணங்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன. ஆனால் ஆங்கிலத்துக்குப் பிறகு.

வேலை எங்கே கிடைக்கும்? இங்கே நான் இனிப்புத் தடவிச் சொல்லப் போவதில்லை. ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகம் பரிசோதகர்களை உறுப்பு நாடுகளின் குடிமக்களிலிருந்துதான் எடுக்கிறது, ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்ற அதன் மொழிகளும் அதற்கு முக்கியம். அமெரிக்க அலுவலகத்துக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு அந்தக் கதவுகளைத் தட்ட முடியாது. அந்த டிப்ளோமா விளம்பரத்தில் ஐரோப்பிய அலுவலகம் இருக்கிற மியூனிக் நகரத்தின் படம் போட்டிருக்கிறார்கள் என்றீர்கள், அந்தப் படத்துக்கும் மகளுக்கும் சம்பந்தமில்லை. இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இயங்குகிறது. அங்கே ஆட்சேர்ப்பு எப்போதாவதுதான் வரும், அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

ஆனால் பரிசோதகர் செய்கிற அதே தேடலை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து செய்கிறவர்கள் உண்டு. கம்பனிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளில், புலமைச் சொத்து வழக்குகள் பார்க்கிற சட்ட நிறுவனங்களில், ஆராய்ச்சி நிலையங்களில், வெளிநாட்டுக் கம்பனிகளுக்காகப் பேட்டன்ட் தேடிக் கொடுக்கிற நிறுவனங்களில். இறப்பரும் நுரையும் ஏற்றுமதி செய்கிற நாடு இது. பல்பகுதியம் தெரிந்த ஒருத்திக்குப் பேட்டன்டும் வாசிக்கத் தெரிந்தால் அவளைத் தேடி வருவார்கள். பேட்டன்ட் வேலை கிடைக்காமல் போனாலும் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடம் உண்டு. பட்டத்தை முதலில் வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

எந்தப் பட்டம்? பல்கலைக்கழக நுழைவுக்குப் பார்க்கிற இசட் புள்ளி கைகொடுத்தால் மொரட்டுவையில் மூலப்பொருள் விஞ்ஞானப் பொறியியல், அல்லது மொரட்டுவையிலோ பேராதனையிலோ இரசாயன, செயன்முறைப் பொறியியல். பொறியியலுக்கு எட்டாவிட்டால் பேராதனை விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம், எனக்கு இதுதான் மிகவும் பிடித்த வழி. ஹட்டனில் ரயில் ஏறினால் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் சரசவி உயனவிலேயே இறங்கலாம், அண்ணியின் பாதிக் கவலை அதிலேயே தீரும். பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் இறப்பர் பால் சார்ந்த தொழில்நுட்பப் பட்டமும் இருக்கிறது. தகுதிப் பாடங்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் வரிவரியாகப் பாருங்கள், யாராவது சொன்னதை நம்ப வேண்டாம். நுழைவில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நம் நுவரெலியா மாவட்டம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. விண்ணப்பத்தில் மாவட்டத்தைப் பிழையில்லாமல் நிரப்புவது அதனால்தான் முக்கியம்.

ஒன்றும் சரிவரவில்லை என்றால்? இராஜகிரியவில் இரசாயனவியல் நிறுவகம் நடத்துகிற நான்கு வருடக் கற்கை ஒன்று உண்டு. அதற்குக் கட்டணம் உண்டு. நீங்கள் எடுத்து வைத்த இரண்டரை இலட்சம் அப்போது தேவைப்படும். பெறுபேறு வருகிற வரை அதைத் தொடாதீர்கள், அண்ணே. கடைக்குப் புது மெசின் வாங்கவும் வேண்டாம்.

'கம்பியூட்டர் எல்லாத்தையும் தேடிவிடுமே' என்றும் கேட்டீர்கள். தேடும். வருகிற 500 ஆவணங்களில் எது உண்மையில் அந்தக் கோரிக்கையைத் தொடுகிறது என்று முடிவெடுத்துக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். நுரை பாகங்களின் மேற்பரப்பில் வாயுவால் வெள்ளி நிறக் கோடுகள் விழும், அதைப் போக்குவதற்கென்றே பல பேட்டன்டுகள் இருக்கின்றன. அந்தக் கோட்டை எழுத்தில் வாசித்தவரும் கையில் தடவிப் பார்த்தவரும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. உங்கள் மகள் சின்ன வயதிலிருந்து நுரையை வெட்டி, தடவி, அழுத்திப் பார்த்து வளர்ந்தவள்.

வருகிற ஞாயிறு பத்து மணிக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அண்ணியும் வந்தால் நல்லது. வரும்போது கழித்துப் போட்ட வேன் சீட்டில் ஒரு துண்டும் பம்பருக்குள்ளிருந்து ஒரு துண்டும் வெட்டி எடுத்து வரச் சொல்லுங்கள். ஜப்பான் பாகங்களில் முனை அடைப்புக்குள் பொருளின் பெயரைச் சுருக்கி அச்சடித்திருப்பார்கள், சீட்டில் பியூஆர், பம்பர் கட்டையில் ஈபிபி என்று. அந்த எழுத்து இருக்கிற துண்டாகப் பார்த்து வெட்டட்டும். அதற்குரிய ஒரு பேட்டன்டை அவளே தேடி எடுத்து, முதல் கோரிக்கையைத் தமிழில் எனக்குச் சொல்லட்டும். தேநீர் நான் போடுகிறேன்.