யார் வீட்டுக்காரர்?

கேள்வி: 'வீடு' என்ற ஒரு சொல்லை நாம் எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறோம்! அகராதியைப் புரட்டினால் மோட்சம் என்றுகூடப் போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் விளக்கம் கேட்டேன். உங்களுக்கு எழுதிப் போடச் சொன்னார். கொஞ்சம் விளக்குவீர்களா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: விளக்கலாம். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் போட்டிருக்கும் 'வீட்டுக்காரர்' என்ற சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

வாடகை வீட்டில் குடியிருக்கும் பெண்ணுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். ஒருவர் தாலி கட்டியவர், இன்னொருவர் மாதம் பிறந்தால் வாடகை வாங்குகிறவர். "வீட்டுக்காரர் ரொம்பக் கறார், ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார் போட விடமாட்டார்" என்று ஒரு பெண் சொன்னால், கேட்பவர் யாரை நினைத்துப் பரிதாபப்படுவது? "பழைய வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். கிளம்பும்போது அட்வான்ஸை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்." "இந்த வீட்டுக்காரர் பதினோரு மாதத்துக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் பார்க்கலாம் என்கிறார்." "வீட்டுக்காரர் மாடியில்தான் இருக்கிறார். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டால் போதும், இறங்கி வந்துவிடுவார்." சென்னையில் 'ஹவுஸ் ஓனர்' என்ற சொல் இப்படி வேரூன்றியதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

ஆண் வாயில் இது வேறு மாதிரி வரும். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் மனைவியைக் கேட்டு. "வீட்டில் சௌக்கியமா?" என்றால் மனைவி சௌக்கியமா. சுவரும் கூரையுமா பதில் சொல்லப்போகிறது? ஆக, ஆணுக்கு மனைவிதான் வீடு. பெண்ணுக்குக் கணவர் அந்த வீட்டை உடையவர். என் சிரிப்பு நிற்கிற இடம் இதுதான். ஆனாலும் நீங்கள் கேட்ட மற்ற வீடுகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

விசேஷம் மண்டபத்தில் நடந்தாலும் அது கல்யாண வீடுதான். சாவு வீட்டுக்குப் போனால் 'போய் வருகிறேன்' என்று சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். அமைச்சர் பதவி போனால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்கிறோம், ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தால் நலமுடன் வீடு திரும்பினார் என்கிறோம். முருகனுக்கு ஆறு படைவீடு. ஜாதகத்தில் பன்னிரண்டு வீடு. அதில் நாலாம் வீட்டைப் பார்த்துத்தான் தாயையும் சொல்வார்கள், சொந்த வீட்டையும் சொல்வார்கள். இலங்கைத் தமிழரசுக் கட்சிக்குத் தேர்தல் சின்னமே வீடு. ஜெயிலுக்கு 'மாமியார் வீடு' என்று பெயர். உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வரும் என்பதால் மருமகன் கண்டுபிடித்த கேலி அது. மருமகள் போகிற மாமியார் வீட்டில் அப்படி வந்ததாக யாரும் எனக்கு எழுதியதில்லை.

மோட்சத்துக்கு வருகிறேன். வீடு, விடுதல், விடுதலை எல்லாம் ஒரே வேர். பற்றை விட்டால் வீடுபேறு. இந்த 'விடு' வருகிற இன்னொரு இடம் உண்டு, வருஷக்கணக்கில் என்னை உறுத்துகிற இடம். விடுதலைப் பத்திரம். சொத்தில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுப்பது.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் அரை நாள் நின்றால் போதும், கண்ணில் பட்டுவிடும். அப்பா காலமாகி, வாரிசுச் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. அக்கா தங்கைகள் ஆளுக்கொரு ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பத்திர எழுத்தர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவைத்த இடங்களில் கையெழுத்து. உள்ளே கூப்பிட்டதும் கேமராவைப் பார்த்து ஒரு போட்டோ, இயந்திரத்தில் கைரேகை. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் "நம்ம தம்பிதானே" என்பார்கள். தம்பியும் கெட்டவனில்லை. எல்லாருக்கும் ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஆளுக்கொரு புடவையைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவான். அவர்கள் பிறந்து வளர்ந்த வீட்டில் அவர்களுக்கிருந்த பங்கு அன்றோடு போயிற்று. யாரும் மிரட்டிக் கையெழுத்து வாங்கவில்லை. பங்கு கேட்டால் தீபாவளிச் சீரும் நின்றுபோகும், ஆபத்துக்குப் போய் நிற்க ஒரு வாசலும் இருக்காது என்ற பயம் வாங்கியது. அந்தப் பயத்தை நம் குடும்பங்கள்தான் ஊட்டி வளர்க்கின்றன. இதைப் பாசம் என்று எழுதுகிற எவரோடும் சண்டை போட நான் தயார்.

சட்டமும் நெடுநாள் தம்பி பக்கம்தான் நின்றது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. அப்பா விட்டுப்போன சொத்தில் குடும்பமே குடியிருக்கும் வீடு ஒன்று இருந்தால், ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரித்துக்கொள்ள முடிவுசெய்யும்வரை பெண் வாரிசு பாகம் கேட்கக்கூடாது. சரி, தங்கவாவது செய்யலாமா? மகள் கல்யாணமாகாதவளாக, கணவனால் கைவிடப்பட்டவளாக, பிரிந்து வந்தவளாக, அல்லது விதவையாக இருந்தால்தான் தங்கலாம். கணவனோடு நல்லபடியாக வாழ்கிற மகளுக்குப் பிறந்த வீட்டில் பாய் விரிக்கும் உரிமைகூடச் சட்டப்படி கிடையாது! தமிழ்நாடு 1989இல் முந்திக்கொண்டு மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களை வெளியே நிறுத்திவிட்டது. அந்த 23ஆவது பிரிவு ஒழிந்தது 2005 செப்டம்பரில், மத்திய அரசின் திருத்தத்தோடு. 49 வருஷம். அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் பாட்டிகளாகிவிட்டார்கள்.

அப்புறமும் சந்தேகங்கள் தீரவில்லை. அந்தத் திருத்தத்தின்படி மகள் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கேட்க, திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று நீதிமன்றங்கள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தன. வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் முடித்துவைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் புகுந்த வீட்டுக்கும் ஒரு தீர்ப்பு வந்தது. வீடு மாமனார் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மருமகள் அங்கே தங்க உரிமை கோரலாம் என்றது. தங்கத்தான். சொந்தம் கொண்டாட இல்லை.

இந்தப் பத்திரிகையில் 'இல்லத்தரசி' என்று யார் எழுதினாலும் அடித்துவிடுவேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பட்டம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று வருஷா வருஷம் கடிதம் வருகிறது. குறைகிறது, ஐயா! மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த அரசிக்குப் பெயர் 'வேலை செய்யாதவர்'. காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்ததிலிருந்து ராத்திரி அடுப்பு மேடை துடைப்பது வரை எதுவும் வேலைக் கணக்கில் ஏறுவதில்லை. 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கிய தமிழ்நாடு அரசு அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. தொகையை விடப் பெயரை நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூனில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு எழுதினார். கணவர் சவுதி அரேபியாவில் வேலை பார்த்துச் சம்பாதித்தார். மனைவி இங்கே குடும்பத்தைக் கட்டிக் காத்தார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி. வீட்டு வேலையைச் சொத்துக்கான பங்களிப்பாக ஏற்றுக்கொள்ளத் தனிச் சட்டம் இல்லை என்பதையும் அவரே சொன்னார். அந்தச் சட்டம் வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

வீடு பெண்ணுக்கே என்று வைத்துக்கொண்ட ஊர்களும் தமிழ் பேசும் நிலத்தில் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்குப் போகிறது. இலங்கையில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தமிழர், முஸ்லிம் இரு சமூகத்திலும் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். இதைச் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். மகளுக்கு வீடு கட்டியே ஓய்ந்துபோன அப்பாக்களும், அக்கா வீட்டுக்காகக் கத்தாரில் வெயில் தின்ற தம்பிகளும் அங்கே நிறையப் பேர். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் சீதன வீடு மனைவி பெயரில் இருக்கும், ஆனால் கணவன் எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் அவள் விற்க முடியாது. ஆனாலும் சண்டை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியவர் யார் என்பதில் மட்டக்களப்புப் பெண்ணுக்கும் நம் பெண்ணுக்கும் எவ்வளவு தூரம்!

இங்கேயும் சிறு அசைவு தெரிகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு. 10 லட்சத்துக்குள் இன்று வீடு எங்கே கிடைக்கிறது? வரம்பை உயர்த்த வேண்டும்.

மன்னார்குடி வாசகிக்கு: குடியிருப்பது சொந்த வீடு என்றால் பத்திரத்தை எடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பட்டாவையும் பாருங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், முன்பணம் கொடுக்கும் முன்பே இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்லுங்கள். பிறந்த வீட்டிலிருந்து கையெழுத்துக்கு ஒரு பத்திரம் வந்தால், நகல் வாங்கி வந்து, எத்தனை சதுர அடியை விடுகிறீர்கள், இன்றைக்கு அதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டு, ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்லுங்கள். தம்பி நல்லவனாக இருந்தால் ஒரு வாரம் பொறுப்பான்.