சிகரெட் பிடிப்பவர்களை இப்போது ஏன் இவ்வளவு கேவலமாகப் பார்க்கிறார்கள்?

"அப்பா காலத்தில் கெத்தாக இருந்த விஷயம், இன்று நான் செய்தால் குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். அலுவலகத்தில் யாரோ முகம் சுளித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் கெத்து அன்றும் எல்லாருக்கும் இருந்ததில்லை. எங்கள் தென்காசிப் பக்கம் பண்ணையார் நடுத்தெருவில் நின்று பிடிப்பார். அவர் வயலில் வேலை பார்த்தவர் அவரைக் கண்டதும் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பார். யார் முன்னால் யார் பிடிக்கலாம் என்பதிலேயே ஊரின் மேல் கீழ் தெரிந்துவிடும். பஸ்ஸில் 'புகை பிடிக்காதீர்' என்ற எழுத்துக்குக் கீழே உட்கார்ந்தே ஊதினார்கள். கைப்பிள்ளைக்காரிகள் முந்தானையால் பிள்ளையின் மூக்கைப் பொத்தினார்கள். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் பிடிப்பதற்கான தடையைக் கடுமையாக்கி, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் என்று ஆன பிறகுதான், "அண்ணே, வெளிய போய்ப் பிடிங்க" என்று சொல்லும் தைரியம் அவர்களுக்கு வந்தது. உங்களுக்குக் கேவலமாகத் தெரிவது அதுதான்.

ஆனால் உண்மையான கேவலம் வேறு ஆட்கள் தலையில் விழுகிறது. என் அம்மா பீடி சுற்றியவர். மடியில் சுளகை வைத்து, இலை வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டினால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பெண் பார்க்க வருகிறவர்கள் "பீடி சுத்தத் தெரியுமா" என்று கேட்ட ஊர் எங்கள் ஊர். அந்தக் கூலியிலும், பீடித் தொழிலாளர் நல நிதி தந்த உதவித்தொகையிலும்தான் நான் படித்தேன். இது தெரிந்ததும், தினமும் ஃபில்டர் சிகரெட் பிடிக்கிற ஒருவர் "ஊரைக் கெடுக்கிற தொழிலாச்சே" என்றார். "உங்க விரல் இடுக்குல இருக்கிறதும் புகையிலைதான் சார்" என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசவில்லை.

உடனே புகையிலைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். வருடக்கணக்காகத் தூளை மூச்சில் இழுத்த அம்மாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவள் நான். சட்டம் இன்னும் கடுமையாக வந்தாலும் வரவேற்பேன்.

சுற்றிய பீடியை, இலையும் தூளும் தந்த பீடிக் கடையில் கொடுக்கும்போது 'கழிவு' என்று ஒரு கை ஒதுக்குவார்கள். அதற்குக் கூலியும் கிடையாது, பீடியையும் திருப்பித் தர மாட்டார்கள். இலை பத்தாவிட்டால் கைக்காசு போட்டு வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது, அந்த நல நிதிக்காகப் பீடிக்கு வசூலித்து வந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். இதைப் பற்றியும் இங்கே யாராவது கேளுங்கள், விவரமாக எழுதுகிறேன்.