ரோஸ் சிரப் 'தரமற்றது' என்று அறிக்கை: அபராதம் யாருக்கு?

கேள்வி: திருவல்லிக்கேணியில் சின்னதாக சர்பத் கடை வைத்திருக்கிறேன். ரோஸ் சிரப்பைப் பாரிமுனை மொத்தக் கடையில் 5 லிட்டர் கேனாக வாங்குவேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்துப் போனார். சிரப்பில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பதால் 'தரமற்றது' என்று இப்போது அறிக்கை வந்திருக்கிறது. நான் தயாரிக்காத பொருளுக்கு நான் அபராதம் கட்ட வேண்டுமா?

பதில்: முதலில் நாளை எண்ணுங்கள். அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் (உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பொறுப்பாளர்) மேல்முறையீடு செய்யலாம்; உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 46(4). எடுத்த மாதிரியை நான்கு பங்காக்கி, இரண்டை அவரிடம்தான் வைத்திருப்பார்கள். அவர் ஏற்றுக்கொண்டால் மறு ஆய்வுக்கு மேல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்.

அப்புறம், பில் இருக்கிறதா? மொத்த வியாபாரி உங்களுக்குத் தரத்துக்கான உத்தரவாதத்தை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டாலும் அவர் கொடுத்த பில்லே உத்தரவாதம் என்கிறது பிரிவு 26(4). யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளர் பிரிவு 27(3)-இல் மாட்டிக்கொள்வார். அதனால் பில், பணம் அனுப்பிய பதிவு, பேட்ச் எண் உள்ள காலி கேன் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். மாதிரியை சீல் உடைக்காத கேனிலிருந்து எடுத்தார்களா, கல்லாப் பக்கம் இருக்கும் பாட்டிலிலிருந்தா? நிறைய கடைகளில் பார்த்திருக்கிறேன்: பாட்டில் மூடியில் சர்க்கரை பூத்து அடைத்துக்கொண்டால், ஒரு வாய் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றுவார்கள். சிரப்பில் கரைந்திருக்கும் திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரையின் அடர்த்திதான் அதைப் புளிக்காமல் காக்கிறது. தண்ணீர் சேர்ந்தால் அந்த 65 சதவீத அளவு இறங்கிவிடும். பாட்டிலில் எடுத்திருந்தால் 'தண்ணீர் கலந்தது கடைக்காரர்தான்' என்று தயாரிப்பாளர் சொல்வார், அதை மறுப்பது கஷ்டம். அப்படி நடந்திருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாதிரி எடுத்த அன்று கொடுத்த தாளையும் கொண்டுபோங்கள்.

தரமற்ற உணவுக்குப் பிரிவு 51-இல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது உச்சவரம்புதான், மீறலால் கிடைத்த லாபம், தெரிந்தே செய்தாரா என்பதையெல்லாம் பார்த்துதான் தொகை வைப்பார்கள். உங்களைப் போன்ற சில்லறைக் கடைக்காரர்கள் பிரிவு 69-இல் சமரசத் தொகை கட்டி முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் பில் கையில் இருந்து, மாதிரியும் சீல் உடைக்காத கேனில் எடுத்ததாக இருந்தால் அதற்கு அவசரப்படாதீர்கள். மேல்முறையீட்டை முதலில் போடுங்கள்.